ஊதச் சொன்னால் என்ன செய்வது? சாலையோர மூச்சுச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை ராத்திரி மேம்பாலத்துக்குக் கீழே இரும்புத் தடுப்புகளை வைத்து வண்டிகளை ஓரங்கட்டும் காட்சி தமிழ்நாட்டில் எல்லாருக்கும் பழகிப்போனதுதான். அங்கே நிற்கும் போலீஸுக்கு என்ன அதிகாரம், அது எதுவரை போகும் என்பதில்தான் குழப்பம். குடித்தவர் "ஊத மாட்டேன்னு சொல்லிட்டா கேஸ் நிக்காது" என்று நம்புகிறார். குடிக்காதவர் "அவங்க வெச்சதுதான் சட்டம்" என்று பயப்படுகிறார். இருவருமே சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால், போலீஸுக்கு ஒவ்வொரு படியிலும் ஓர் அதிகாரம் இருப்பதும், அந்தந்தப் படியிலேயே ஒரு நிபந்தனையும் இருப்பதும் தெரியும்.

இது எந்தச் சட்டத்தில் வருகிறது?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். மத்தியச் சட்டம் என்பதால் நாகர்கோவிலிலும் டெல்லியிலும் அடிப்படை ஒன்றுதான். 185-வது பிரிவு எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்கிறது. நிறுத்தி ஊதச் சொல்வது, கைது செய்வது, ரத்தம் எடுக்கச் சொல்வது எல்லாம் 202 முதல் 205 வரை உள்ள பிரிவுகளில் இருக்கின்றன. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் முதல் தடவைக்கான அபராதம் ₹2,000-லிருந்து ₹10,000 ஆனது.

கான்ஸ்டபிள் ஊதச் சொன்னால் ஊதணுமா? எஸ்.ஐ. இருந்தால்தானே செல்லும்?

203-வது பிரிவு பதவி எதையும் குறிப்பிடவில்லை. "சீருடையில் உள்ள காவல் அதிகாரி" என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் சோதனைச் சாவடியில் ஒரு எஸ்.ஐ.யாவது இருப்பார். வழக்கில் கையெழுத்துப் போடுவதும் பெரும்பாலும் அவர்தான். ஆனால் மெஷினை நீட்டியவர் கான்ஸ்டபிள் என்பதை மட்டும் வைத்து வாதாடிப் பிரயோசனம் இல்லை.

சீருடை மட்டும் கட்டாயம். மஃப்டியில் வந்து "நான் போலீஸ், ஊது" என்று சொல்பவருக்கு இந்தப் பிரிவின்படி அதிகாரம் கிடையாது. ஊர்க்காவல் படையினர், டிராஃபிக் வார்டன், டோல்கேட் ஊழியர் ஆகியோருக்கும் இல்லை. அவர்கள் வண்டியை ஓரங்கட்ட உதவலாம், அவ்வளவுதான். மோட்டார் வாகனத் துறை அதிகாரிகளுக்கு, அந்தத் துறை அங்கீகரித்திருந்தால், இதே அதிகாரம் உண்டு.

சந்தேகமே இல்லாமல் வரிசையாக எல்லாரையும் ஊதச் சொல்கிறார்களே, அது சரியா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சட்டத்தின் வாசகம், ஓட்டுபவர் 185-ன் கீழ் குற்றம் செய்திருக்கிறார் என்று சந்தேகிக்க "நியாயமான காரணம்" இருந்தால் ஊதச் சொல்லலாம் என்கிறது. அதாவது, வண்டியை நிறுத்தி ஆவணங்களைக் கேட்பது வேறு, ஊதச் சொல்வது வேறு. முதலாவதற்குச் சந்தேகம் தேவையில்லை. இரண்டாவதற்குத் தேவை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982-ல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் யாரை வேண்டுமானாலும் ஊதச் சொல்லலாம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இங்கிலாந்தில் 1967-லேயே சாலையோரச் சோதனை வந்துவிட்டது. அங்கும் இன்றுவரை சந்தேகமோ, போக்குவரத்து விதிமீறலோ, விபத்தோ ஏதாவது ஒன்று முன்னால் இருக்க வேண்டும்.

ஆனால் சந்தேகத்துக்கான காரணம் எப்படி உருவாகிறது என்பதை நேரில் பார்த்தால், இந்த நிபந்தனை எவ்வளவு மெல்லியது என்று புரியும். "ஹெல்மெட்டைக் கழட்டுங்க சார். எங்கேர்ந்து வர்றீங்க? வீடு எங்கே?" என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். பதில் முக்கியமில்லை. பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும், அந்த நேரம் கேட்பவரின் மூக்கு உங்கள் பக்கம் இருக்கும். வாடை வந்தால் அதுவே நியாயமான காரணம். கண் சிவப்பு, பேச்சுக் குழறல், தடுப்பைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பியது, சந்து வழியாக நழுவப் பார்த்தது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

சில மெஷின்களில் குழாய் போடாமலேயே முகத்துக்கு அருகே பிடித்துப் பேசச் சொல்லும் முறையும் உண்டு. அது அளவைக் காட்டாது, ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் காட்டும். வரிசையாக எல்லாரையும் பார்ப்பதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எழுதியிருக்கும் சட்டத்தோடு இது முழுமையாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் சோதிப்பது நல்லது என்று அரசு நினைத்தால் சட்டத்தில் அதை எழுதிவிட்டுச் செய்வதே முறை. ஆனாலும், குடிக்காதவர் இந்த வாதத்தை நடுரோட்டில் நடத்துவதைவிட பத்து நொடி ஊதிவிட்டுப் போவது புத்திசாலித்தனம். குடித்தவருக்கு இந்த வாதம் எப்படியும் உதவாது, ஏனென்றால் வாடையே காரணமாகிவிடும்.

30 மில்லிகிராம் என்றால் எவ்வளவு சரக்கு?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். இங்கிலாந்தில் இதே அளவு 80. அதனால் வெளிநாட்டு இணையப் பக்கங்களைப் பார்த்து "ரெண்டு பெக் வரைக்கும் ஓகே" என்று முடிவு கட்டாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 30 மில்லியில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அதைக் குடித்தால் ரத்தத்தில் ஏறத்தாழ 20 மி.கி.க்குக் கொஞ்சம் மேலே போகும். 60 மில்லி என்றால் 40-ஐத் தாண்டும். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி, 60-க்கு மேலே கொண்டுபோகும். ஒரு குவார்ட்டரை முடித்தால் 125 பக்கம். "பீர்தானே" என்பவர்களுக்கு: 650 மில்லி பாட்டிலில் 5 சதவீத பீர் 50-ஐத் தாண்ட வைக்கும், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 80-ஐத் தாண்ட வைக்கும்.

இதெல்லாம் தோராயம்தான். சாப்பிட்டிருந்தால் கொஞ்சம் குறையும், வெறும் வயிறு என்றால் வேகமாக ஏறும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 30 மில்லியே எல்லையைத் தாண்ட வைத்துவிடலாம். மொத்தத்தில், சராசரி ஆணுக்கே இரண்டாவது 30 மில்லி பெக் ஊற்றும்போது வண்டிச் சாவி கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

ராத்திரி குடித்தேன், காலையில் ஓட்டினால்?

இதில் மாட்டுபவர்கள் நிறைய. உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 15 மி.கி. அளவுக்குத்தான் ஆல்கஹாலைக் கழிக்கும். இரவு 11 மணிக்கு 125-ல் இருப்பவர் 30-க்கு இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடிகாலை 4 மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினால் சட்டப்படி அவர் இன்னும் போதையில்தான் ஓட்டுகிறார். ஒரு ஹாஃப், அதாவது 375 மில்லி உள்ளே போயிருந்தால் மறுநாள் மதியம்கூடத் தாண்டலாம். தூக்கம், குளியல், மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தலைவலி போனதை வைத்து ஆல்கஹால் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொய்யா இலை, பாக்கு, பபுள்கம் போட்டால் தெரியாதா?

வாடை தெரியாமல் போகலாம். மெஷின் வாடை பார்ப்பதில்லை. குடித்த ஆல்கஹால் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வருகிறது. அங்கிருந்து மூச்சுக் காற்றில் கலக்கிறது. மெஷினுக்குள் பிளாட்டினம் பூசிய சிறு மின்கலம் ஒன்று இருக்கும். ஆல்கஹால் அதில் பட்டால் வேதிவினை நடந்து மின்சாரம் உண்டாகும். எவ்வளவு ஆல்கஹாலோ அவ்வளவு மின்சாரம். மூச்சில் இருப்பதைப்போல் 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்ற கணக்கை வைத்து திரையில் ரத்த அளவாக மாற்றிக் காட்டும்.

நான்கைந்து நொடி விடாமல் ஊதச் சொல்வது அடி நுரையீரல் காற்று வரவேண்டும் என்பதற்காக. கன்னத்தை உப்பி லேசாக ஊதினால் மெஷின் ஏற்றுக்கொள்ளாது, திரும்ப ஊதச் சொல்வார்கள். மூன்று தடவை அப்படியே செய்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவார்கள். அதன் விளைவு கீழே வருகிறது.

நான் குடிக்கவே இல்லை. இருமல் மருந்து, பழம், மவுத்வாஷ் இதனால் காட்டிவிட்டால்?

காட்டலாம், நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்து பணிமனையில் டூட்டிக்கு முன் வழக்கமாக நடக்கும் சோதனையில், குடிக்காத டிரைவர்களுக்கு ஆல்கஹால் இருப்பதாகக் காட்டியது. எல்லாருக்கும் ஆச்சரியம். கடைசியில் காரணம் பலாப்பழம். சக ஊழியர் ஒருவர் கொண்டுவந்த நன்கு பழுத்த பழத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். சந்தேகம் தீர, சோதனையில் பூஜ்யம் காட்டியவரையே பலாச்சுளை சாப்பிட வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள், அவருக்கும் காட்டியது. அங்கே டூட்டிக்கு வருபவருக்கு அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதால் சிறு அளவே பிரச்சினையானது.

அதிகம் பழுத்த பழத்தில் புளித்து உண்டாகும் ஆல்கஹால் வாயில் ஒட்டிக்கொள்ளும். சில மவுத்வாஷ், இருமல் டானிக், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களும் இதேதான். இது ரத்தத்திலிருந்து வந்ததில்லை, வாயில் தங்கியது. தண்ணீரில் வாய் கொப்பளித்து 15 நிமிடம் பொறுத்தால் போய்விடும். ஆகவே மெஷின் காட்டியதும் பதறாமல், "சார், இப்பத்தான் மருந்து குடிச்சேன். வாய் கொப்பளிச்சிட்டு கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன், எழுதிக்கோங்க" என்று கேளுங்கள். சட்டமே "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட" மூச்சு மாதிரிகள் என்றுதான் சொல்கிறது. உண்மையிலேயே குடிக்காதவருக்கு இரண்டாவது தடவை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். குவார்ட்டர் அடித்தவருக்கு 15 நிமிடத்தில் ஒன்றும் மாறாது.

குழாய் புதிதாகத்தான் போட வேண்டுமா?

ஆமாம், கேட்டு வாங்குங்கள். உறை பிரித்த புதுக் குழாயை உங்கள் கண்முன் மாட்டச் சொல்வதில் தவறில்லை. ஊதுவதற்கு முன் திரை பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். முந்தைய ஆளின் மிச்சம் உங்கள் கணக்கில் ஏறக் கூடாது.

ஊத மறுத்தால் என்ன ஆகும்?

கேஸ் நிற்காது என்பது கட்டுக்கதை. மறுப்பவருக்கு ஆல்கஹால் இருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யலாம் என்று 203(4) சொல்கிறது. ஸ்டேஷனுக்குப் போனதும் அங்கே ஊத இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும். அங்கேயும் மறுத்தால் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். அதற்கும் மறுத்தால் 205-வது பிரிவு வரும்: தகுந்த காரணம் காட்டாதவரை, மறுத்ததையே போலீஸ் தரப்பு சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அதிகாரி சட்டப்படி இட்ட உத்தரவை மீறியதற்காக 179-வது பிரிவில் தனியாகவும் வழக்குப் போட முடியும்.

"தகுந்த காரணம்" என்ற சொற்கள் முக்கியம். ஆஸ்துமா, சமீபத்தில் நடந்த நெஞ்சு அறுவை சிகிச்சை போன்றவற்றால் பலமாக ஊத முடியாதவர்கள் அதை அப்போதே சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குத் தயார் என்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து கோர்ட்டில் முதல்முறையாக ஆஸ்துமா என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மெஷின் காட்டிவிட்டது. அப்புறம்?

கைது செய்ய அதிகாரம் உண்டு. சென்னை போன்ற ஊர்களில் முதல் தடவைக்காரர்களை ஸ்டேஷனில் அடைத்துவைப்பதை அதிகம் பார்க்க முடியாது. அளவு அச்சான சீட்டில் கையெழுத்து வாங்கி, வழக்குப் பதிந்து, வண்டியை வைத்துக்கொண்டு ஆளை அனுப்புவார்கள். ஆனால் 202-ன் கீழ் கைது என்று வந்துவிட்டால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்: இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் முன் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. விடுவது காவலிலிருந்துதான், வழக்கிலிருந்து இல்லை.

ரத்தம் எடுப்பது மருத்துவர் வேலை. பெண்ணிடம் ஆண் மருத்துவர் எடுத்தால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து விடியும்வரை பெண்களைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழ்நிலையும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். ஆனால் ஊதச் சொல்வதற்கு அந்தத் தடை இல்லை.

குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், வீட்டாருக்குத் தகவல் தெரிவிக்கவும் போலீஸ் கடமைப்பட்டிருக்கிறது.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களே?

207-வது பிரிவில் வண்டியைப் பிடித்துவைக்கும் அதிகாரம் இருக்கிறது. அது லைசென்ஸ், பதிவு, பெர்மிட் இல்லாத வண்டிகளுக்கானது. குடித்து ஓட்டியவரின் வண்டிக்கு 202(3)-ல் "தற்காலிகமாக" ஏற்பாடு செய்யலாம் என்று மட்டுமே இருக்கிறது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் இதைத் தெளிவாகவே சொன்னது: உடன் வந்தவர் குடிக்காமல் லைசென்ஸோடு இருந்தால் அவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உறவினரை வரவழைத்துக் கொடுக்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால்தான் ஸ்டேஷனில் வைக்கலாம். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துச் சொல்லி வாதாட நல்ல ஆதாரம்.

குடிக்காத அண்ணனையோ தம்பியையோ போன் போட்டு வரவழைப்பதுதான் நடைமுறையில் வேகமான வழி. போதையில் இருப்பவரிடமே சாவியைக் கொடுக்கச் சொல்லி அடம்பிடிப்பவர்களும் உண்டு. அந்த எஸ்.ஐ. கொடுத்து, அடுத்த சிக்னலில் யார் மீதாவது ஏற்றிவிட்டால்?

லைசென்ஸ்?

2019 திருத்தத்தில் வந்த 206(4)-ன்படி லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். தகுதிநீக்கம் செய்வது ஆர்.டி.ஓ. வேலை, போலீஸ் வேலை இல்லை. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-லேயே குடித்து ஓட்டினால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வாங்கிக்கொண்டால் அத்தாட்சிச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள்.

பத்தாயிரத்தை அங்கேயே கட்டிவிட்டுப் போகலாமா?

முடியாது. ஹெல்மெட், சிக்னல் போன்ற விதிமீறல்களுக்கு அங்கேயே சமரசக் கட்டணம் கட்டலாம். 185 அந்தப் பட்டியலில் இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ₹10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை சிறை, அல்லது ₹15,000, அல்லது இரண்டும்.

ஆகவே ரோட்டில் ரொக்கமாகப் பணம் கேட்டால் அது அபராதம் இல்லை. "மூணு குடுங்க, அனுப்பிடுறேன்" என்றால் அதற்குப் பெயர் லஞ்சம். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிலோ காவல்துறையிலோ புகார் கொடுத்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஓட்டியது நண்பன். நான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என் மேலும் கேஸா?

போட முடியும். குடித்து ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்று 188-வது பிரிவு சொல்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்து போலீஸ் உடன் வருபவர்கள் மீதும் வழக்குப் போடுவோம் என்று அறிவித்தது இதை வைத்துத்தான். வெறுமனே பின்சீட்டில் இருந்ததே உடந்தை ஆகிவிடுமா என்பது வாதத்துக்குரிய விஷயம். தெரிந்தே சாவியைக் கொடுத்த வண்டிச் சொந்தக்காரரின் நிலை அதைவிட மோசம். வாடகை ஆட்டோவில் ஏறிய பயணிக்கு இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

போதையில் ஓட்ட வேண்டாம் என்றுதானே காரிலேயே தூங்கினேன்?

நல்ல காரியம்தான். சட்டம் "ஓட்டுவது அல்லது ஓட்ட முயல்வது" இரண்டையும் குற்றமாக்குகிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் முயற்சி என்று வாதிட இடம் கொடுக்கிறீர்கள். பின்சீட்டில் படுங்கள், சாவியை எட்டாத இடத்தில் வையுங்கள். மூடிய இடத்தில் ஏ.சி. போட்டுத் தூங்கி உயிர்போன சம்பவங்களும் உண்டு. ஆட்டோ பிடித்துப் போவது இதைவிட மேல்.

விபத்து நடந்து ஆஸ்பத்திரியில் இருந்தால்?

அங்கே வந்தும் ஊதச் சொல்லலாம். ஆனால் சிகிச்சை தரும் மருத்துவருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். நோயாளிக்குக் கெடுதல் என்று அவர் சொன்னால் சோதனை கிடையாது. உள்நோயாளியாக இருக்கும்வரை இந்தப் பிரிவில் கைதும் கிடையாது.

விபத்து வழக்குகளில் நேரம்தான் பெரிய விஷயம். 1999 ஜனவரியில் டெல்லியில் ஆறு பேர் இறந்த பி.எம்.டபிள்யூ. கார் வழக்கில், ஓட்டியவர் அங்கிருந்து போய்விட்டார். பல மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்திலேயே 0.115 சதவீதம் ஆல்கஹால் இருந்தது, அதாவது 100 மில்லியில் 115 மி.கி. ஓட்டும்போது எவ்வளவு இருந்திருக்கும்? 2024 மே மாதம் புனேயில் நடந்த போர்ஷே கார் விபத்தில், ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக அரசு மருத்துவமனை டாக்டர்கள் இருவர் கைதானார்கள். ரோட்டோரத்திலேயே ஊதவைத்து, நேரத்தோடு அச்சாகி வரும் சீட்டுக்கு ஏன் மதிப்பு என்பது இதில் தெரியும்.

வாடையை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியுமா?

185-ன் கீழ் முடியாது, அளவு வேண்டும். 1971-ல் பச்சுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல் மூச்சில் வாடை அடித்தது என்பதை வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றது.

இன்ஷூரன்ஸ் விவகாரம் வேறு. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவரை ஊதவைக்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. அதைக் காரணம் காட்டி இழப்பீடு கேட்டார்கள். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சோதனை இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்து இன்ஷூரன்ஸ் நிறுவனம் போதையை நிரூபிக்கலாம் என்று சொல்லி, நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கிரிமினல் வழக்கில் தப்பியவர் கார் ரிப்பேர் பில்லில் மாட்டலாம்.

கஞ்சா அடித்திருந்தால் மெஷின் காட்டுமா?

காட்டாது. ஆனால் 185-ன் இரண்டாவது பகுதி போதைப்பொருளைப் பற்றியது. அங்கே மில்லிகிராம் அளவு எதுவும் இல்லை, வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. அதை மருத்துவப் பரிசோதனை வைத்து நிரூபிக்க வேண்டும்.

கடையையும் அரசே நடத்திவிட்டு, வெளியே வந்தால் பிடிப்பது என்ன நியாயம்?

டீக்கடையில் தினமும் கேட்கும் கேள்வி. எரிச்சல் புரிகிறது. குடிப்பது குற்றமில்லை, குடித்துவிட்டு ஓட்டுவதுதான் குற்றம் என்பது சட்டப்படி சரியான பதில், ஆனால் முழுப் பதில் இல்லை. வண்டி நிறுத்த இடத்தோடு பாரை நடத்துபவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டதே, அந்த வழக்கின் பெயரில் ஒரு பக்கம் தமிழ்நாடு அரசு, மறுபக்கம் வழக்கறிஞர் கே. பாலு. சிறிய ஊர்களுக்கு அதைப் பிறகு 220 மீட்டராகக் குறைத்தார்கள். நகராட்சி எல்லைக்குள் தளர்த்தவும் செய்தார்கள்.

கோர்ட்டில் எதிர்த்து வாதாட நினைக்கிறேன். என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

முதலில், அச்சான சீட்டின் நகல். அதில் உங்கள் பெயர், வண்டி எண், அளவு, தேதி, நேரம், மெஷினின் வரிசை எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். புரியாத, நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் உங்கள் ஆட்சேபத்தை இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்து மெஷின். 203-வது பிரிவின்படி மத்திய அரசு அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும். கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்ற சான்றிதழை உங்கள் வக்கீல் கேட்டு வாங்கலாம். அளவு 34, 36 என்று எல்லையை ஒட்டி இருக்கும் வழக்குகளில் இது உண்மையிலேயே உதவும். 140 காட்டிய வழக்கில் சான்றிதழில் முத்திரை மங்கலாக இருக்கிறது என்று வாதாடுவது வக்கீலுக்கு வருமானம், உங்களுக்கு வாய்தா.

குடிக்கவே இல்லை என்பது உறுதியானால், அன்று இரவே உங்கள் செலவில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து, நேரம் குறித்த அறிக்கை வாங்கிவிடுங்கள். மூன்று நாள் கழித்து எடுத்தால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை.